முள்ளெலிக்குக் குளியல்

முள்ளெலி என்றவுடன் நம்மவருள் பலர் முள்ளம்பன்றியை எண்ணிக்கொள்கின்றனர். இரண்டும் வெவ்வேறானவை. முள்ளம்பன்றி கொறித்துண்ணும் இனம். அதன் நீண்ட முட்கள் கழன்று பகைவன் உடலில் தைத்து நிற்கும். முள்ளெலியோ இரு உள்ளங்கைகளில் அடங்கிவிடும் சிற்றுயிர். பெயரில் எலி இருப்பினும் உறவால் அது மூஞ்சூறுக்கே நெருங்கியது. நம் தென் மாவட்டங்களின் வறண்ட புதர்க்காடுகளிலும் ஓர் இனம் உண்டு. 1851-ஆம் ஆண்டு ஹார்ஸ்ஃபீல்டு என்பவர் அதனை அறிவியல் உலகிற்கு அறிமுகப்படுத்தினார். அது காட்டுக்குரியது, பிடித்து வந்து வளர்க்கத் தகாதது. அதனைக் குளிப்பாட்ட வேண்டிய தேவையும் எவருக்கும் இல்லை.

நாம் இங்குக் குறிப்பிடுவது, அமெரிக்க இல்லங்களில் செல்லப் பிராணியாக வளர்க்கப்படும் ஆப்பிரிக்கக் குட்டை முள்ளெலியை. கலிபோர்னியா, ஹவாய் போன்ற மாநிலங்களில் அதனை வளர்க்கத் தடை உண்டு. டெக்சாஸில் தடையில்லை. அம்மாநிலத்துச் சிற்றூர்ப் பங்கு ஒன்றில் சில ஆண்டுகள் பணியாற்றும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. மாதந்தோறும் நாம் சந்திக்க வேண்டிய நோயாளிகளின் பட்டியலில் 78 வயது முதியவர் ஒருவர் இருந்தார். இரயில் பட்டறையில் உழைத்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், நடுக்குவாத நோயால் கைகள் ஓயாது நடுங்கிக்கொண்டிருந்தன. கல்லூரிக்குச் சென்ற பேத்தி தன் முள்ளெலியை அவரிடம் ஒப்படைத்துச் சென்றிருந்தாள். நற்கருணை வழங்கி முடித்தபின் ஒரு நாள் அவர் தயக்கத்தோடு கேட்டார்: “ஃபாதர், இதைக் குளிப்பாட்ட இரண்டு கைகள் வேண்டும். என் கைகள் உதவா. உங்கள் கைகளைச் சற்று நேரம் கடனாகத் தருவீர்களா?”

அன்று தொடங்கி மாதம் ஒருமுறை அவர் சொல்லச் சொல்ல நாம் செய்தோம். வாசகர் நகைக்கலாம்.

காட்டில் வாழும் முள்ளெலியை யாரும் குளிப்பாட்டுவதில்லை. கூண்டில் வாழ்வதற்கு மட்டும் அது ஏன் தேவைப்படுகிறது? இரவெல்லாம் பல கல் தொலைவு இரைதேடி அலையும் இயல்புடைய உயிர் அது. கூண்டில் அந்த ஓட்டத்திற்கு ஈடாக ஒரு சுழல்சக்கரம் வைக்கப்படுகிறது. ஓடும்போதே மலங்கழிப்பதும் அதன் இயல்பு. விடியும்போது நான்கு பாதங்களிலும் அழுக்கு அப்பி உலர்ந்து கிடக்கும். நாம் அடைத்து வைத்ததனால் சேர்ந்த அழுக்கை நாமே கழுவ வேண்டியிருக்கிறது என்பதே உண்மை. ஆகவே பாதங்களை அவ்வப்போது கழுவினால் பெரும்பாலும் போதும். முழுக் குளியல் மாதம் ஒருமுறைக்கு மேல் வேண்டியதில்லை. அடிக்கடி குளிப்பாட்டினால் தோல் வறண்டு செதில் செதிலாய் உதிரும். அதை அழுக்கென்று கருதி மீண்டும் குளிப்பாட்டுவோர் உண்டு. முட்களும் உதிர்ந்து தோல் செதிலாகுமெனில், நுண்ணிய உண்ணிகள் பற்றியிருக்கக்கூடும். அப்போது நாட வேண்டியது கால்நடை மருத்துவரை, தண்ணீரை அன்று.

முதியவரின் ஒழுங்குமுறை பட்டறைக்காரருடையது. முதலில் அறையை வெதுவெதுப்பாக்குவார். இவ்வின முள்ளெலி குளிரைத் தாங்காது. ஐரோப்பிய முள்ளெலி உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு குளிர்காலம் முழுவதும் உறங்கி எழும். ஆப்பிரிக்கக் குட்டை இனமோ குளிர்ந்துபோனால் ஒருவகை மயக்கத்தில் ஆழ்ந்து, அதிலேயே இறந்துவிடவும் கூடும். அதனால் ஈரத்தோடு கூண்டுக்குள் விடுவதைவிடக் குளிப்பாட்டாமல் இருப்பதே மேல் என்பார்.

பின்னர் ஒரு பிளாஸ்டிக் தொட்டி. சமையலறைத் தொட்டியை அவர் அனுமதித்ததேயில்லை. அது வெறும் பிடிவாதம் அன்று. முள்ளெலியின் மலத்தில் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும். 2019, 2020 ஆகிய ஆண்டுகளில் முள்ளெலி வளர்த்தோரிடையே நோய் பரவியபோது அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையமும் இதையே எச்சரித்தது. தொட்டியின் அடியில் ஒரு சிறு துணி விரிப்பார். கால் வழுக்கினால் பிராணி அஞ்சும். வெதுவெதுப்பான நீர் இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரம், வயிற்றைத் தொடும் அளவு மட்டும். விரலை நம்ப மாட்டார்; மணிக்கட்டின் உட்புறத்தில் நீரை விட்டுப் பார்க்கச் சொல்வார். கடையொன்றில் நாய்க்குரிய ஷாம்புவைப் பரிந்துரைத்தார்களாம். நறுமணப் பொருள் எதுவும் அவர் வீட்டுக்குள் வராது. ஒரு பழைய காலுறையில் ஓட்ஸை இட்டு முடிந்து நீரில் பிழிவார். பால்போல் ஒரு நீர் இறங்கும். அதுவே சோப்பு.

நீரில் விட்டவுடன் முள்ளெலி சுருண்டு பந்தாகிவிடும். முதுகைச் சுற்றி ஓடும் தசையொன்று, பையின் வாயைச் சுருக்குக் கயிறு இழுப்பதுபோல், முகத்தையும் கால்களையும் உள்ளே இழுத்து மூடிவிடுகிறது. நாம் பல்துலக்கும் பிரஷை எடுத்தோம். முதியவர் தடுத்தார். “பொறுங்கள் ஃபாதர். சுருண்டிருக்கும்போது கழுவினால் முள்ளைத்தான் கழுவுவீர்கள். அழுக்கு இருப்பது காலில்.”

பொறுத்தோம். சில நாள் இரண்டு நிமிடம். சில நாள் பத்து நிமிடம். ஊசிமுனை போன்ற மூக்கு முதலில் வெளிவரும். அதன்பின் தலையிலிருந்து வால் நோக்கி, முட்கள் சாய்ந்திருக்கும் போக்கிலேயே பிரஷ் செல்ல வேண்டும். முகத்திலும் காதிலும் நீர் படலாகாது. இவ்வளவிற்கும் அவர் அதனோடு பேசிக்கொண்டேயிருப்பார்: “இப்போது முதுகு. இப்போது இடது கால். இனித் துவாலை.” ஒருமுறை ஓட்ஸின் புது மணத்தால் அது வாயில் நுரை கக்கி, தலையைத் திருப்பித் தன் முட்களிலேயே பூசிக்கொண்டது. வலிப்போ, வெறிநோயோ என நாம் கலங்கினோம். புதிய மணம் எதைக் கண்டாலும் அவ்வினம் அவ்வாறு பூசிக்கொள்ளும் என்று சிரித்தார் முதியவர்.

அதே முதியவரைக் குளிப்பாட்ட வாரம் இருமுறை ஒரு பணிப்பெண் வருவது வழக்கம். அவள் வரும் வண்டியின் ஓசை கேட்டாலே குளியலறைக்குள் சென்று தாழிட்டுக்கொள்வார். இருமுறை உள்ளே தவறி விழுந்திருக்கிறார். முதியோர் இல்லத்திற்கு அனுப்பிவிட வேண்டும் என்று மகன் முடிவெடுக்கும் நிலை. இது குறித்து நாம் பேச முற்பட்டபோதெல்லாம் பேச்சை மாற்றினார். அறுபது ஆண்டுகள் தன் உடலைத் தானே பேணிய மனிதனுக்கு அறிவுரை சொல்வது எளிது என்பதால், நாமும் அதிகம் சொல்லவில்லை.

ஒரு மாதம் முள்ளெலி நீரிலிருக்கும் வேளையில் அப்பெண் வந்துவிட்டாள். தாழிட்டுக்கொள்ள வழியின்றி அவர் அமர்ந்திருந்தார். அவள் வாசலிலேயே நின்று முழுவதையும் பார்த்தாள். “அதனிடம் ஏன் ஒவ்வொன்றையும் சொல்கிறீர்கள்?” என்று கேட்டாள்.

“அதற்குக் கண் பார்வை குறைவு, காதும் மூக்கும்தான் கூர்மை. கை எங்கிருந்து வருகிறதென்று தெரியாவிட்டால் மறுபடி சுருண்டுகொள்ளும்” என்றார்.

அவள் மறுமொழி கூறவில்லை. துவாலையைக் கொண்டுவந்து கொடுத்தாள், அவ்வளவே.

அடுத்த மாதம் நாம் சென்றபோது முதியவர் தாமாகவே தொடங்கினார். அவள் இப்போது நீரைத் தன் மணிக்கட்டில் பார்த்துவிட்டு அவர் மணிக்கட்டிலும் விடுகிறாளாம். தொடுமுன் சொல்கிறாளாம், இப்போது தோள், இப்போது முதுகு என்று. அவர் வேண்டாம் என்றால் அங்கேயே நின்றுவிடுகிறாளாம். கதவு தாழிடப்படவில்லை. “ஆனால் கால்களை நானே கழுவிக்கொள்கிறேன்” என்று ஒரு திருத்தத்தையும் அழுத்தமாகச் சேர்த்தார்.

மகனும் அதற்குப்பின் முதியோர் இல்லத்தைப் பற்றிப் பேசவில்லை. நாம் அப்பங்கைவிட்டுப் புறப்படும் நாள்வரை கால்களை அவர் தாமே கழுவி வந்தார். நடுங்கும் கையால் இரு பாதங்களையும் கழுவி முடிக்க ஏறக்குறைய முக்கால் மணி நேரம் ஆகும் என்று அப்பெண் நம்மிடம் சொன்னாள். அதுவரை அவள் துவாலையோடு அருகில் ஒரு முக்காலியில் அமர்ந்திருப்பாளாம்.