ஒரு மெட்டும் பல பாடங்களும்

அயர்லாந்து தேசத்தின் வடமேற்குக் கரையிலே ஸ்லைகோ என்னும் மாவட்டம் உளது. அதன் தென்பகுதியில் புல்வெளிகளுக்கும் சதுப்பு நிலங்களுக்கும் இடையே அமைந்த சிற்றூர் குர்ட்டீன். அங்கிருந்து டபர்கரி என்னும் ஊரை நோக்கிச் செல்லும் வீதியோரத்தில் ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறது. 1974 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அச்சின்னம், அரசனுக்கோ படைத்தலைவனுக்கோ உரியதன்று. பிடில் வாசித்த ஒரு குடியானவர் மகனுக்கு உரியது.

அவர் பெயர் மைக்கேல் கோல்மன். 1891 இல் இப்பகுதியிற் பிறந்து, 1914 இல் பிழைப்பை நாடி அமெரிக்கா சென்றவர். 1921 முதல் 1936 வரை நியூயோர்க் நகரிலே பல இசைத்தட்டுகளிற் பிடில் வாசித்தார். 1945 இல் அந்நகரிலேயே காலமானார்.

நம் கச்சேரிகளில் வயலின் என்று வழங்கும் வாத்தியமே அங்கே பிடில். அதில் அவர்கள் விரும்பி வாசிக்கும் நடன மெட்டு ‘ரீல்’ எனப்படும். அது பதினெட்டாம் நூற்றாண்டிலே ஸ்கொத்லாந்திலிருந்து வந்து வேரூன்றியது. பெரும்பாலும் எட்டுத் தாள அளவு கொண்ட இரண்டு பகுதிகள், அவ்வளவே. அவற்றையே திரும்பத் திரும்ப விரைந்து வாசிப்பர்.

1934 இல் கோல்மன், ‘டார்போல்டன்’ என்னும் ரீலையும், அதைத் தொடர்ந்து வேறு இரண்டு ரீல்களையும் ஒரே தட்டிற் பதிவு செய்தார். டார்போல்டன் என்பது ஸ்கொத்லாந்து ஊரொன்றின் பெயர். ஸ்கொத்லாந்தின் பெயரைத் தாங்கிய மெட்டு, அமெரிக்காவிலே தட்டாகி, அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து அயர்லாந்தின் குடிசைகளை அடைந்தது. கிராமபோனைச் சூழ்ந்திருந்து கேட்டோர் வியந்தனர். இன்றும் பிடில்காரர் அம்மூன்று ரீல்களையும் அதே வரிசையில் வாசிப்பது வழக்கம்.

இப்புகழுக்கு ஒரு விலையும் உண்டு. ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி வில்வீச்சு இருந்தது. ஸ்லைகோவினர் ஒரே வீச்சிற் பல சுரங்களை இணைத்துத் துள்ளலாக வாசிப்பர். வடக்கே டொனகோல் நாட்டினர் பெரும்பாலும் சுரத்துக்கு ஒரு வீச்சாக, அழுத்தந்திருத்தமாக வாசிப்பர். தெற்கே கிளேரின் கிழக்குப் பகுதியிலோ நடை தாழ்ந்து, ஏக்கம் தோய்ந்து ஒலிக்கும். தட்டிலே கேட்ட வாசிப்பே உயர்ந்ததென்று எண்ணிய இளைஞர் பலர், தம் பாட்டனார் வாசித்த பாடத்தை நாட்டுப்புறத்தது என்று கைவிட்டனர். ஊர் ஊராகச் சென்று தகர வேலை செய்த ஜோன் டொஹேர்ட்டி போன்றோர், 1980 இல் அவர் மறையும் வரையும், டொனகோல் வழியைக் காத்தமையால் அது பிழைத்தது.

பழைய ஏடுகளை ஒப்புநோக்குவோர் பாடபேதங்களுள் ஒன்றையே மூலபாடமாகக் கொள்வர். அவ்வழக்கம் இங்கே பொருந்தாது. கோல்மனின் தட்டையே கூர்ந்து கேளுங்கள். ஒரு பகுதியை இரண்டாம் முறை வாசிக்கும்போது ஒரு சுரத்தை மாற்றுவார். ஓர் அலங்காரத்தைக் கூட்டுவார். வில்லை வேறு வகையில் திருப்புவார். ஒருநாள் மூன்று நிமிட நேரத்தில் அவருக்குத் தோன்றியதை மாறாத விதியாகக் கொண்டோர், அவருடைய சுரங்களைக் கற்றனர், அவரைக் கற்றாரிலர்.

மாணவர்கள் இவ்விசைத்தட்டுகளை இன்று எளிதிற் கேட்கலாம். கோல்மனைக் கேட்டபின் டொஹேர்ட்டியையும் கேட்டல் வேண்டும். அப்பொழுதுதான் ஒரு சிறிய தேசத்தினுள்ளே எத்தனை ஊர்கள் உள்ளன என்பது காதுக்குப் புலனாகும்.