எங்க ஊர் பின்கோடு

ஆடித்தபசு லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். மேத்ஸ்ல அரியர் விழுந்ததை வீட்டில் சொல்லவில்லை. ராத்திரி கரண்ட் போச்சு. சங்கரன்கோவிலில் எங்க தெருவில் கரண்ட் போனால் விசைத்தறிச் சத்தமும் நின்றுவிடும், அந்த அமைதியில் எனக்குத் தூக்கம் வராது. போன்ல சார்ஜ் இல்ல. மெழுகுவர்த்தி பக்கத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகை கவர், அதில் எங்க முகவரி, கடைசியில் 627756. (தென்காசி தனி மாவட்டமாகி 2019-லேயே பிரிஞ்சாச்சு, பின்கோடு மட்டும் இன்னும் நெல்லையோட 627-லதான்.)

சும்மா வகுக்க ஆரம்பிச்சேன். 2, இன்னொரு 2, ஒரு 3. மிச்சம் நின்றது 52313. அதுக்கப்புறம் எதிலும் மாட்டல. 13-ஆல் வகுத்தால் மீதி 1. 47-க்கும் 53-க்கும் மீதி 2. ஒவ்வொரு தடவையும் கிட்ட வந்து நழுவிடும்.

எங்கே நிறுத்தலாம்? 229-ஐ 229-ஆல் பெருக்கினாலே 52441, தாண்டிடுது. அதனால் பெரிய காரணி ஒன்று இருந்தால் அதன் ஜோடி 229-க்குக் கீழேதான் இருக்கணும். அதுவரை 49 பகா எண்கள். கவர் பத்தாமல் காலண்டர் தாளைக் கிழிச்சேன். அம்மா எட்டிப் பார்த்து, "என்னல, பரீட்சைக்குப் படிக்கியா?" என்றாங்க. ஆமா என்றேன். கடைசி எண் 227, மீதி 103. ஆக, 52313 ஒரு பகா எண்.

அஞ்சு இலக்கத்துக்கே ஒரு ராத்திரி போச்சு. 2048 பிட் ஆர்எஸ்ஏ எண்ணுக்கு 617 இலக்கம். பெருக்குறது சுலபம், பிரிக்கிறதுதான் பாடுன்னு மனப்பாடம் பண்ணி எழுதியிருக்கோமே, அது அன்னிக்குத்தான் எனக்குப் புரிஞ்சது.

காலையில் கரண்ட் வந்ததும் போனில் எண் கோட்பாடு பற்றித் தேடினேன். எங்க பக்கத்து ஆள் ஒருத்தரே கிடைத்தார். குற்றாலம் பக்கம் வல்லத்தில் 1901-ல் பிறந்த எஸ்.எஸ்.பிள்ளை. முழுப்பெயர் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை, அம்மா பெயர் கோமதி அம்மாள். ரெண்டுமே எங்க கோயில் சாமி பெயர்கள்! எந்த முழு எண்ணையும் அதிகபட்சம் 73 ஆறாம் அடுக்குகளைக் கூட்டி எழுதிடலாம்னு 1940-ல் நிரூபித்தவர். 72 ஏன் போதாது? 703-ஐ எடுங்க. 3-இன் ஆறாம் அடுக்கு 729, பெரிசு. அப்போ 64 பத்து தடவை, 1 அறுபத்து மூணு தடவை. எண்ணிப் பாருங்க. 1950-ல் அமெரிக்காவுக்குப் போகும் வழியில் கெய்ரோ பக்கத்தில் விமான விபத்தில் இறந்தார். வயசு 49. நான் வகுத்த எண்களும் 49. இதில் அர்த்தம் ஒண்ணுமில்ல, ஆனா கவனிக்காம இருக்க முடியல.

குற்றாலத்துக்கு எத்தனை தடவை குளிக்கப் போயிருப்பேன், இவர் பெயரை ஒருத்தரும் சொன்னதில்லை.

அம்மாகிட்ட இவரைப் பற்றிச் சொல்லும்போதே அரியரையும் சேர்த்துச் சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "ராத்திரி பூரா போட்டியே, அந்தக் கணக்கு பரீட்சையில வருமால?" என்றாங்க.

வராதும்மா.