சேந்தன் அமுதனின் மகுடம்

2022 செப்டம்பரில் 'பொன்னியின் செல்வன்' திரைக்கு வருமுன், ஞாயிறு திருப்பலி முடிந்தபின் எங்கள் ஆலய முற்றத்தில் அதே பேச்சு. வந்தியத்தேவனுக்கு அந்த முகம் பொருந்துமா, நந்தினியைக் கெடுத்துவிடுவார்களோ என்று பெரியவர்கள் கவலைப்பட்டார்கள். எனக்கு முகங்களைப் பற்றிக் கவலையில்லை. இயேசுவின் முகத்தையே ஓவியர்கள் ஆளுக்கொரு விதமாக வரைந்திருக்கிறார்கள். நம் விசுவாசம் அதனால் குன்றிவிடவில்லை. என் அச்சமெல்லாம் சேந்தன் அமுதனைப் பற்றியது.

1950 முதல் 1954 வரை கல்கி எழுதிய அத்தொடர் பின்னாளில் மீண்டும் வெளிவந்தபோது, என் தாயார் வாரந்தோறும் பக்கங்களைப் பிரித்தெடுத்துப் பைண்டு செய்து வைத்தார். தஞ்சைத் தளிக்குளத்தார் கோயிலுக்குப் பூமாலை கட்டித் தரும் இளைஞன் சேந்தன் அமுதன். வளர்த்தவள் வாய் பேசாத வாணி அம்மை. கதைமுடிவில் அவனே உண்மையான மதுராந்தகன் என்று தெரிகிறது. அருள்மொழிவர்மர் தமக்குரிய மகுடத்தை அவன் தலையில் சூட்டுகிறார். அவ்விடத்தை வாசிக்கும்போதெல்லாம் தாயார் அன்னை மரியாளின் புகழ்ப்பாடலை முணுமுணுப்பார். அவரளவில் அது அப்பாடலுக்குக் கல்கி எழுதிய உரை.

2023 ஏப்ரலில் இரண்டாம் படம் வந்தது. ஐந்து பாகங்களை இரண்டு படங்களுக்குள் அடக்க வேண்டிய மணிரத்னத்தின் நெருக்கடி எனக்குப் புரிகிறது. உத்தம சோழர் முடிசூடியதாக வரலாறும் சொல்கிறது. படமும் அதை மாற்றவில்லை. ஆனால் முடிசூடுகிறவர், நாம் முதலிலிருந்தே கண்ட அந்த மதுராந்தகர்தாம். பூமாலைக்காரன் பூமாலைக்காரனாகவே நின்றுவிட்டான்.

உடன் வந்த பீடச்சிறுவன், "படம் நல்லா இருந்துச்சு சாமி" என்றான். மறுநாள் முதற்பாகத்தை அவன் கையில் கொடுத்தேன். பத்து நாள் கழித்து, கடம்பூர் மாளிகை வரை வந்துவிட்டதாகச் சொன்னான். சேந்தன் அமுதனை அவன் அப்போது இன்னும் சந்திக்கவில்லை.