பத்துமலைக் குகையும் பூமியின் வயதும்

பத்துமலை என்றதும் நம்மவர் நினைவில் எழுவன தைப்பூசக் காவடியும் பால்குடமுமே. கோலாலம்பூருக்கு வடக்கே அமைந்த இக்குன்றுக்கு ஆறு மாதங்களுக்கு முன் என் தம்பி குடும்பத்தாருடன் சென்றிருந்தேன். வழிபாட்டுக்கெனச் சென்ற இடத்தில், ஆறாம் வகுப்பில் படிக்கும் தம்பி மகள் கேட்ட ஒரு கேள்வி என்னை இன்றளவும் சிந்திக்க வைத்திருக்கிறது. அதனை நம் சங்கத்து அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

'பத்து' என்பது ஈண்டு எண்ணன்று. மலாய் மொழியில் கல்லைக் குறிக்கும் சொல். 1878-இல் வில்லியம் ஹார்னடே என்னும் அமெரிக்க இயற்கை நூலறிஞர் இக்குகைகளைப் பற்றி எழுதி வெளியுலகுக்கு அறிவித்தார். அதற்கு முன்னரே இந்நாட்டுப் பழங்குடியினர் இவற்றில் தங்கி வந்தனர். சீனர்கள் வௌவால் எச்சத்தை உரத்துக்காக அள்ளிச் சென்றனர். குகை வாயில் வேலின் வடிவாகத் தோன்றக் கண்டு முருகனுக்கு ஈண்டு கோயில் எடுப்பித்தவர் தம்புசாமிப் பிள்ளை. 1892 முதல் தைப்பூசம் நடைபெற்று வருகிறது. 272 படிகளும் 1940-இல் கற்காரையால் அமைந்தன. அடிவாரத்தில் 140 அடி உயர்ந்து நிற்கும் திருவுருவம் 2006-இல் திறக்கப்பெற்றது.

படியேறி உள்ளே புகுந்தால், கூரையிலிருந்து ஆலம் விழுதுபோல் தொங்குகின்றன கற்கள். அவற்றின் நுனியிலிருந்து நீர் சொட்டுகிறது. என் இளமை இடுக்கி மலையில், ஏலத் தோட்டங்கள் சூழ்ந்த ஆனைக்கரைப் பக்கத்தில் கழிந்தது. மழைக்கு ஒதுங்கிய பாறையிடுக்குகளிலும் நீர் கசியும். ஆனால் கல்விழுது வளர்ந்து நான் கண்டதில்லை. காரணம், அம்மலைப் பாறை கடினமானது, எளிதில் கரையாதது. பத்துமலையோ சுண்ணாம்புக்கல். மழைநீர் மண்ணின் வழியே இறங்குகையில் கரியமில வாயுவை ஏற்று, மென்மையான அமிலமாகிச் சுண்ணாம்பைக் கரைக்கிறது. குகைக் கூரையில் துளியாக நிற்கும்போது வாயு பிரிந்து செல்ல, சுண்ணாம்பு சிறிது படிந்து விடுகிறது. இவ்வாறு படியும் கல் பொதுவாக நூறாண்டில் ஒரு செண்டிமீட்டர் அளவே வளரும். நீரின் அளவையும் வெப்பத்தையும் பொறுத்து இது கூடும், குறையும்.

இதனை விளக்கி, "இக்குன்றின் கல் ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்தது, குகை அதற்கு வெகுகாலம் பின்னர்த் தோன்றியது, விழுதுகள் அதற்கும் பிந்தியவை" என்றேன்.

"பெரியப்பா, என் தோழி படிக்கும் வேதப் பாட வகுப்பில் உலகத்துக்கே ஆறாயிரம் வயதுதான் என்கிறார்களாம். நம் சமயம் என்ன சொல்கிறது?" என்றாள் குழந்தை.

நான் பெருமிதத்துடன், "பிரமனின் ஒரு பகல் 432 கோடி ஆண்டு. விஞ்ஞானிகள் பூமியின் வயது ஏறத்தாழ 454 கோடி என்கிறார்கள். நம் முனிவர்கள் அன்றே சொல்லிவிட்டார்கள்!" என்றேன். சுற்றியிருந்தோர் தலையசைத்தனர்.

வீடு திரும்பியபின் பஞ்சாங்கத்தைப் புரட்டினேன்; என் பெருமிதம் நிலைக்கவில்லை. 432 கோடி என்பது முழுப் பகலின் நீளம். பூசையில் சங்கற்பம் சொல்லும்போதே, பதினான்கு மனுக்களில் ஏழாவது மனுவின் காலத்தில், இருபத்தெட்டாம் சதுர்யுகத்துக் கலியில் இருக்கிறோம் என்கிறோம். அக்கணக்கைக் கூட்டினால் கழிந்தவை சற்றேறக்குறைய 197 கோடி ஆண்டுகளே. அஃதாவது, நான் சொன்ன பொருத்தம் நம் நூற்கணக்கின்படியே பொருந்தவில்லை!

ஆறாயிரம் ஆண்டுக் கணக்கும் எளிதில் தோன்றியதன்று. அயர்லாந்தின் பேராயர் அஷர் 1650-இல், விவிலியத்தின் தலைமுறைகளை உழைத்துக் கூட்டி, கி.மு. 4004-இல் படைப்பு நிகழ்ந்ததென்றார். இன்று படைப்பின் ஆறு நாட்களை நெடுங்காலங்களாகக் கொள்ளும் கிறித்தவர் பலர். எனினும் பழைய கணக்கை விடாதோர், பாலங்களின் அடியில் ஓரிரு ஆண்டுகளிலேயே விழுதுகள் வளர்வதைக் காட்டிக் குகைகளும் இளமையானவையே என்பர். சிமெண்டிலிருந்து கசியும் சுண்ணாம்பு வேறு வகையில், காற்றின் வாயுவை ஏற்று விரைவாகக் கல்லாகிறது. குகையின் துளிக்கு அவ்விரைவு இல்லை. மேலும், பூமியின் வயதை எவரும் விழுதை அளந்து கண்டதில்லை. 1956-இல் கிளேர் பாட்டர்சன் என்னும் அமெரிக்க அறிஞர் விண்கற்களிலுள்ள ஈயத்தை ஆராய்ந்து, 455 கோடி ஆண்டுகள் என்று கணித்தார்.

மறுநாள் குழந்தையை அழைத்து, "நேற்று நான் சொன்னது தவறு, அம்மா" என்றேன். கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினேன்.

"அப்படியானால் நம் சாமி கணக்கு பொய்யா?" என்றாள்.

"முன்னோர் மனிதன் எத்துணைச் சிறியவன் என்று காட்ட அத்துணைப் பெரிய எண்களைக் கட்டினார்கள். கல்லின் வயதைக் கல்லிடம்தான் கேட்க வேண்டும். முருகனைக் கும்பிட அந்த எண் ஒத்துவர வேண்டியதில்லை" என்றேன். அவள் சற்று யோசித்து, "தோழியிடம் நேற்றே போனில் பெருமையாகச் சொல்லிவிட்டேனே, திருத்திச் சொல்லிவிடட்டுமா?" என்றாள். சொல்லச் சொன்னேன்.

பிற நாட்டில் வாழும் நாம், பிள்ளைகள் நம் சமயத்தை மதிக்க வேண்டுமென்னும் ஆவலில், விஞ்ஞானத்தின் சான்றிதழை அதற்கு வாங்கித்தர விரைகிறோம். ஒருநாள் அவர்களே கணக்கிட்டுப் பார்ப்பார்கள். பிழை கண்டால், கணக்கோடு சேர்த்து நம்மையும் நம்பாமற் போவார்கள். அதைவிட, தவறியதைத் தவறென்று நாமே சொல்லிவிடுவது நன்று.

அடுத்த முறை பத்துமலை செல்லும் அன்பர்கள், வழிபாடு முடிந்ததும் பிள்ளைகளுடன் சற்று நின்று அண்ணாந்து பாருங்கள். விழுதுகளைத் தொட வேண்டாம். கையின் எண்ணெய்ப் பசை பட்டால் அவற்றின் வளர்ச்சி தடைப்படும். அவர்கள் கேட்பதற்கெல்லாம் நமக்கு விடை தெரிந்திருக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்து சேர்ந்து தேடலாம்.