ஓர் அரைப்புள்ளி

மகள் விடுதிக்குச் சென்றபின் அவளது மேசையில் ஆர்டுயினோ ஊனோ பலகை ஒன்று எஞ்சியிருந்தது. கல்லூரியில் தமிழ் பயிற்றும் நாங்கள், கணவனும் மனைவியுமாக, ஒரு ஞாயிறன்று அதனை இயக்கிப் பார்க்கத் துணிந்தோம். இத்தாலியின் இவ்ரேயா நகரில் 2005-இல் மாணவர்களுக்கென்றே தொடங்கப்பெற்ற முயற்சி அல்லவா!

யுஎஸ்பி வடத்தால் கணினியுடன் இணைத்தோம். மென்பொருளில் பலகையின் வகையையும் போர்ட்டையும் தெரிவுசெய்தோம். நிரலில் இரு பகுதிகள் உண்டு. 'செட்டப்' தொடக்கத்தில் ஒருமுறை இயங்கும். 'லூப்' மின்சாரம் உள்ளவரை சுழலும். 13-ஆம் முனையோடு இணைந்த சிறுவிளக்கு 1000 மில்லிவினாடி எரிந்து, அவ்வளவு நேரமே அணைய வேண்டும்.

நிரல் ஏறவில்லை. ஏழாம் வரியில் பிழை என்றது கணினி. அவ்வரியிலோ குற்றம் ஏதுமில்லை. மகளை அழைத்தோம். "அதுக்கு மேல் வரியைப் பாருங்கப்பா" என்றாள். ஆறாம் வரியின் இறுதியில் அரைப்புள்ளி விடுபட்டிருந்தது. இட்டோம், விளக்கு கண்சிமிட்டியது.

புணர்ச்சியும் இத்தகையதே அன்றோ? வருமொழியைக் கண்ட பின்னரே நிலைமொழியின் ஈற்றில் விடுபட்ட ஒற்று புலப்படுகிறது. இருபது ஆண்டுகளாக ஒற்றுப்பிழைகளைச் சிவப்பு மையால் சுழித்து மதிப்பெண் குறைத்தோமே அன்றி, விடுபட்டது யாது, ஏன் வேண்டும் என ஒரு தாளிலேனும் எழுதியதில்லை. கணினியேனும் எது இல்லை என்று சொல்லிற்று.

திங்கள் முதல் சுழிக்கு அருகே அந்த ஒற்றினையும் எழுதி வருகிறோம். தாள் திருத்த இருமடங்கு நேரம் ஆகிறது.