சித்தப்பாவின் டிரம்

திருக்கழுக்குன்றம் ரோட்டோரம் எங்க சேரியில நைனாதான் பேண்டு செட்டு வைத்திருந்தார். ஏழு பேர். நைனா டிரம்பெட், சித்தப்பா பெரிய டிரம். கல்யாணத்துக்கும் போவார்கள், சாவுக்கும் போவார்கள். ஊர்த்தெருவில் கல்யாணம் என்றால் நாதஸ்வரக்காரருக்குப் பந்தலுக்குள் ஜமக்காளம். எங்க ஆட்களுக்கு வெளியே, ஜெனரேட்டர் பக்கத்தில் நிற்க இடம். சோறும் கடைசிப் பந்திக்கு அப்புறம்தான்.

1996-ல் அப்படி ஒரு மாப்பிள்ளை அழைப்பில் நைனா ரெண்டு மணி நேரம் ஊதினார். வீடியோ எடுத்தார்கள். நைனா வீடியோவில் வருவது அதுதான் முதல் தடவை. மூணு மாசம் கழித்து கேசட்டை இரவல் வாங்கிவந்து போட்டுப் பார்த்தோம். நைனா வந்தார். கன்னம் உப்பியிருக்குது, கழுத்து நரம்பு புடைச்சிருக்குது. ஆனா கேட்பது சினிமாப் பாட்டு! மிக்சிங் செய்தவர் எங்க செட்டு சத்தத்தை எடுத்துவிட்டுப் பாட்டை ஏற்றிவிட்டார். சித்தப்பா கை ஏறி இறங்குகிறது, அடி கேட்கவில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள். நைனா எழுந்துபோய் வாசலில் பீடி பற்றவைத்தார்.

அப்போது நான் மாமல்லபுரத்தில் சிற்பப் பட்டறையில் கல்லுக்கு உப்புத்தாள் தேய்க்கிற வேலை பார்த்தேன். குப்பத்துப் பக்கம் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருத்தர் ஊருக்குப் போகும்போது ஒரு கேசட் கொடுத்தார். கிங் ஆலிவர் குழுவின் ஜாஸ். மழை பெய்கிற மாதிரி இரைச்சல். அதற்குள் ரெண்டு பேர் சேர்ந்து ஊதுகிறார்கள், ஒருத்தன் கிளாரினெட்டில் மேலே ஏறி ஓடுகிறான். "இவனுங்க நம்ம ஆளுங்கடா" என்றார் நைனா. சித்தப்பாதான் காதைப் பெட்டியோடு ஒட்டிவைத்துக் கேட்டுவிட்டு, "டிரம் எங்கடா? கட்டையத் தட்டிக்கினு இருக்கான்" என்றார்.

அதற்கு விடை கிடைக்க எனக்குப் பல வருஷம் ஆனது. 1923 ஏப்ரலில் அந்தக் கறுப்பர் குழு சிகாகோவிலிருந்து இண்டியானா மாநிலம் ரிச்மண்டுக்குப் போய் ஜெனட் கம்பெனியில் வாசித்தது. அவர்களும் ஏழு பேர்தான். மைக் கிடையாது. ஒரு பெரிய கூம்புக் குழாய் முன்னால் நின்று ஊதணும்; அந்த அதிர்வை ஊசி மெழுகில் கோடாகக் கீறும். பெரிய டிரம் அடித்தால் ஊசி துள்ளிவிடும். அதனால் டிரம் வாசிக்கிற பேபி டாட்ஸ் மரக்கட்டையைத் தட்டினார். இருபத்தோரு வயது லூயி ஆம்ஸ்ட்ராங் பலமாக ஊதியதால் அவரைத் தள்ளி நிற்க வைத்தார்கள். பக்கத்திலேயே ரயில் பாதை; ரயில் வந்தால் வேலை நிற்கும். அதே கம்பெனி, கறுப்பரை வேட்டையாடிய கு கிளக்ஸ் கிளானுக்கும் காசு வாங்கிக்கொண்டு இசைத்தட்டு அடித்துக் கொடுத்தது. இன்னொன்று: 1917-லேயே ஜாஸ் என்று பெயர் போட்டு முதல் தட்டு கொடுத்தவர்கள் ஐந்து வெள்ளைக்காரர்கள். யார் வாசித்தது, யாருக்குப் பேர்! இது நமக்குப் புதுசா?

நம்ம நாட்டுக்கும் அது வந்தது. 1935-ல் லியோன் ஏபியின் கறுப்பர் குழு பம்பாய் தாஜ் ஓட்டலில் வாசித்தது. கோவாக்காரர்கள் அந்த வாசிப்பைப் பிடித்துக்கொண்டு சினிமாவுக்குக் கொண்டுபோனார்கள். நைனா ஊதிய சினிமாப் பாட்டில் கொஞ்சம் அந்த வழியாக வந்ததாகத்தான் இருக்கும்.

ஆலிவருக்கு ஈறு கெட்டுப் பல் போயிற்று. ஊத முடியவில்லை. 1938-ல் சவானாவில் சாகும்போது பில்லியர்ட்ஸ் கூடத்தில் கூட்டித் துடைக்கிறவராக இருந்தார். நைனாவுக்கும் முன்பல் ரெண்டும் விழுந்தது. டிரம்பெட்டுக்காரனுக்குப் பல்தான் சோறு. அப்புறம் அச்சாரம் வாங்குவதும் செட்டுக்கு முன்னால் வெறுங்கையோடு நடப்பதும்தான். அவர் சாவுக்குச் சித்தப்பா விடிய விடிய அடித்தார். அதையும் யாரும் பதிவு செய்யவில்லை, நான் உட்பட.

பேபி டாட்ஸ் 1946-ல் டிரம்மை மட்டும் தனியாக வாசித்து, நடுநடுவே பேசியும் பதிவு செய்திருக்கிறார். போன மாசம் அதைச் சித்தப்பாவுக்குச் செல்போனில் போட்டுக் காட்டினேன். எண்பது வயசு, ஒரு கண் தெரியாது. முழுசும் கேட்டார். "இப்பத்தான்டா வுட்டுருக்கானுங்க" என்றார்.

"நீயும் அடி சித்தப்பா, இதுலயே பதிவு பண்றேன்" என்றேன்.

பரணிலிருந்து டிரம்மை இறக்கச் சொன்னார். தூசி தட்டி, வாரை இழுத்துக் கட்டினார்.

"எது அடிக்கட்டும்? கல்யாண அடியா, சாவு அடியா?"

"ரெண்டும்."

"அப்ப ராத்திரி ஆயிடும். போய் டீ வாங்கினு வா."