சிலவும் பலவும்

ஆங்கிலத்தில் ‘மல்ரி’, ‘மெனி’ ஆகிய இரண்டும் பன்மையையே குறிப்பன. ஆயினும் கணினியியலில் ‘மல்ரிகோர்’, ‘மெனிகோர்’ என்பன வெவ்வேறு அமைப்புக்கள். இரண்டையும் ‘பலகரு’ எனத் தமிழாக்கின் கற்கும் மாணவர் இடர்ப்படுவர். ஆதலின், தமிழாசிரியராகிய யாம் சொல்லைத் தேடுமுன் பொருளைத் தேடினோம்.

கணிக்கும் உறுப்பாகிய கரு ஒன்றனையே மேன்மேலும் விரைவுபடுத்தியபோது வெப்பம் மிகுந்தது. ஆகவே 2005ஆம் ஆண்டில் இன்ரெல், ஏ.எம்.டி. ஆகிய நிறுவனங்கள் மேசைக் கணினிகளுக்கு ஒரே சில்லில் இரு கருக்களை அமைத்து விற்கத் தொடங்கின. இவ்வழி வந்தது மல்ரிகோர். இதிற் கருக்கள் சில. ஒவ்வொன்றும் தனித்து நின்றும் விரைந்து தொழிற்படும். மெனிகோரிலோ கரு ஒவ்வொன்றும் எளியது. தொகையே அதன் வலிமை. 2016இல் சீனம் வெளியிட்ட சன்வே தைஹூலைட் என்னும் மீத்திறன் கணினியின் சில்லொன்றில் 260 கருக்கள் உள.

அங்ஙனமாயின் பலவே சிறந்தனவோ? நாற்பது கட்டுரைகளை நால்வர் பகிர்ந்து திருத்தலாம். ஒரு கட்டுரையை வரிக்கொருவராக நாற்பதின்மர் எழுதின் அது கட்டுரையாகாது. 1967இல் ஜீன் அம்டால் காட்டிய நெறியும் இதுவே: வேலையிற் பத்திலொரு பங்கு பகுக்கவியலாததாயின், கருக்கள் எத்துணை பெருகினும் விரைவு பத்து மடங்கைக் கடவாது.

எனவே முன்னதைச் ‘சிலகரு’ எனவும், பின்னதைப் ‘பலகரு’ எனவும் வழங்குதல் தகுமென்பது எம் கருத்து. இதனினும் பொருந்திய சொல்லை இளைஞர் ஆக்குவராயின் மகிழ்வோம். பொருளுணராது ஆக்கற்க என்பதே எம் வேண்டுகோள்.